ஆடி வெள்ளியில் வந்த கல்வாழை

மும்பை செம்பூரில் ஓர் ஏழு மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில், சங்கரேஸ்வரி வீட்டு ஜன்னலுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே ஆறடி அகலத்தில் ஒரு துண்டு நிலம் கிடந்தது. அதை நிலம் என்று சொன்னால் நிலமே கோபித்துக்கொள்ளும். உடைந்த டைல்ஸ், இறுகிப்போன சிமெண்டு, மேல்மாடிக்காரர்கள் வீசிய முட்டை ஓடு, இவற்றுக்கெல்லாம் அடியில் கொஞ்சம் மண் இருந்தது, அவ்வளவுதான். அதன்மேல்தான் சங்கரேஸ்வரிக்குக் கண்.

காரணம் அவள் புருஷன் முத்துசெல்வம். தாராவியில் இருபத்தெட்டு வருஷம் மளிகைக்கடை வைத்து, தெருக்கோடி வரை கேட்கிற குரலில் வியாபாரம் பண்ணிய மனுஷன். தை மாதம் பக்கவாதம் வந்து கை, கால், வாய் மூன்றையும் இழுத்துவிட்டது. கையும் காலும் கொஞ்சம் தேறின. பேச்சுதான் குழறியது. அந்தக் குழறலை அடுத்தவர் கேட்டுவிடக் கூடாதென்று வெளியாட்களிடம் பேசுவதையே அவர் விட்டுவிட்டார். யாராவது பார்க்க வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். காலையிலிருந்து இரவு வரை ஜன்னலோரத்து நாற்காலியே கதி.

கட்டடத்தை நிர்வகிக்கிற சொசைட்டிக்காரர்களோ அந்தத் துண்டு நிலத்தில் பேவர் பிளாக் பதித்து பைக் நிறுத்தப் போவதாகப் பேசிக்கொண்டார்கள். ஜன்னலுக்கு நேரே பத்து சைலன்சர் புகைந்தால் ஜன்னலைச் சாத்தித்தானே ஆக வேண்டும்? அதையும் சாத்திவிட்டால் இந்த மனுஷன் முழுசாக உள்ளேயே போய்விடுவார் என்று சங்கரேஸ்வரிக்குப் பயம்.

செக்ரெட்டரி தங்கபாண்டியிடம் போய் நின்றாள். அவர் கெட்டவர் இல்லை. அவருடைய பைக்கும் மழையில் நனைகிறது, அவர் கவலை அவருக்கு.

"இந்தா பாரும்மா. ஜூலை மீட்டிங்குக்குள்ள அந்த எடத்தப் பூராவும் பச்சையா நெறச்சுக் காட்டு. ஒரு சாண் மொட்டையாக் கெடந்தாலும் பேவர் பிளாக்தான், சொல்லிட்டேன்."

அவள் தேவ்நார் பக்கம் ஒரு நர்சரிக்குப் போனாள். விலையைக் கேட்டாள். வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டாள்.

"கிறுக்கச்சி, செடிய யாராச்சும் துட்டு குடுத்து வாங்குவாங்களா?" என்றாள் மூன்றாம் மாடி அக்தர் பானு. உடைந்த வாளி, பெயிண்ட் டப்பா, நெய் டின் என்று அவள் பால்கனியில் செடி இல்லாத பாத்திரம் கிடையாது. ஒரு வாளியைக் கவிழ்த்து, வேரோடு வந்த செடிக்கூட்டத்தை ரொட்டியைப் பிய்ப்பதுபோல நாலாகப் பிய்த்தாள். மேலே பச்சையும் அடியில் ஊதாவுமாக இருக்கும் அந்தச் செடிக்குப் பெயர் என்னவென்று அவளுக்கும் தெரியாது.

"பிச்சா அதுக்கு வலிக்காதா பானுக்கா?"

"வாளிக்குள்ள நெருக்கிக்கிட்டுக் கெடந்துச்சுல்லா, அதுதான் அதுக்கு வலி. நீ கொண்டுபோய் ஊனு. ரெண்டு மழைக்கு ஒண்ணு நாலாகும்."

அதற்குப் பிறகு சங்கரேஸ்வரிக்கு வெட்கம் போய்விட்டது. கற்பூரவள்ளியை ஒடித்து வந்தாள். டேபிள் ரோஸைக் கிள்ளி வந்தாள். மழைக்குப் பூக்கும் லில்லிக் கிழங்கை மாட்டுங்காவில் ஒரு மாமியிடம் கைநிறைய வாங்கி வந்தாள். கிங்ஸ் சர்க்கிளில் கத்தரித்துப் போட்ட மஞ்சள் பூக்கொடியைச் சாக்கில் அள்ளுவதற்கு முனிசிபாலிட்டித் தோட்டக்காரனிடமே ஆள் ஒத்தாசை கேட்டாள். "பஹுத் ஜல்தி ஃபைல்தா ஹை," என்று அவன் சிரித்தான். வேகமாகப் படர்வது மற்றவர்களுக்குத் தொல்லையாக இருக்கலாம். அவளுக்கு அதுதானே வேண்டும்!

ஜூன் மழை பிடித்துக்கொண்டது. கொடி சுவர் வரை ஓடியது. ஊதாச் செடி குட்டி போட்டது. ஜூலை பிறந்தபோது எல்லாம் பச்சை, ஒரே ஒரு இடம் தவிர. அதுவும் எங்கே? சரியாக ஜன்னலுக்குக் கீழே. டேங்க் நிரம்பி வழிகிற குழாய் அங்கேதான் ஊற்றியது. மூன்று தடவை நட்டாள், மூன்று தடவையும் அழுகியது.

"சகதில நிக்கணும்னா கல்வாழைதான். எங்கிட்ட இல்ல. உமா மதினி மொட்டமாடி டிரம்முல காடு மாதிரி நிக்கி," என்றாள் அக்தர் பானு.

உமா மதினி என்றால் உமாமகேஸ்வரி, தங்கபாண்டியின் மனைவி. புருஷனுக்கு எதிராக எப்படிச் செடி கேட்பது என்று சங்கரேஸ்வரி நாளைக் கடத்தினாள். அதற்குள் வெள்ளிக்கிழமை மத்தியானம் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: மீட்டிங் நாளைக் காலையே. இனி என்ன தயக்கம்? மாடியேறினாள்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா, ஆடி வெள்ளிக்கிழம வேற. வீட்ல இருந்து ஒண்ணும் எடுத்துக் குடுக்க மாட்டேம்னு ஒனக்குத் தெரியாதாட்டி?" என்றாள் உமாமகேஸ்வரி.

தெரியாமல் என்ன? போன வெள்ளிக்கிழமை பால்காரருக்கே பணம் தராமல் நாளைக்கு வாங்கிக்கொள்ளச் சொன்னவள்தானே இவள். சங்கரேஸ்வரி இறங்கி வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள். அது மட்டும் இல்லை. வருஷா வருஷம் ஆடி வெள்ளிக்கு மஞ்சள் குங்குமம் வாங்க அவளை நாலு வீட்டில் கூப்பிடுவார்கள். இந்த வருஷம் ஒருவரும் கூப்பிடவில்லை. என் புருஷனை இவர்கள் இப்போதே கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்களா என்று நினைத்தபோது அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

நாலு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. உமாமகேஸ்வரி பட்டுச்சேலையில் நின்றாள். கையில் தாம்பாளம். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ரவிக்கைத் துணி, நடுவில் முளையோடு இரண்டு கல்வாழைக் கிழங்கு.

"சுமங்கலிக்குத் தாம்பூலமாக் குடுக்கது வீட்ட விட்டுப் போறதில்லட்டி. மேல நிக்கையில எனக்கு இது தோணல பாரு." குரலைத் தாழ்த்தினாள். "தட்டுல இம்புட்டுதான் பிடிச்சுது. மிச்சம் லிஃப்ட்ல நிக்கி."

அவளே குங்குமத்தை எடுத்து சங்கரேஸ்வரியின் நெற்றியிலும் வகிட்டிலும் வைத்தாள். "அண்ணாச்சி நல்லா இருப்பாங்க. நீ நல்லா இருப்ப," என்றாள். சங்கரேஸ்வரி அவள் தோளில் சாய்ந்து அழுதாள். ஆறு மாதமாகப் புருஷன் எதிரில் அடக்கி வைத்திருந்த அழுகை, பட்டுச்சேலை என்றும் பார்க்கவில்லை.

"போதும் வா, வெளக்கு வைக்கதுக்கு முன்னால நட்டு முடிக்கணும்."

பட்டைத் தூக்கிச் செருகிக்கொண்டு உமாமகேஸ்வரியும் சகதியில் இறங்கினாள். வேரோடு பின்னிக்கிடந்த கிழங்குகளை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துப் பிரித்தார்கள். தூறல் விடாததால் ஒரு இலைகூட வாடவில்லை. ஜன்னலுக்குள் முத்துசெல்வம் கண்ணை மூடியபடியே இருந்தார்.

மறுநாள் கமிட்டியார் ஏழு பேர் குடையோடு வந்தார்கள். தங்கபாண்டி சுவரோரமாக நடந்து பார்த்துக்கொண்டே வந்து, ஜன்னலடியில் நின்றார்.

"இது நம்ம வீட்டுக் கல்வாழை மாதிரி இருக்கே."

"மாதிரி என்ன, அதேதான்," என்றாள் உமாமகேஸ்வரி. "நேத்து ஆடி வெள்ளிக்குத் தாம்பூலத்தோட குடுத்தேன். பிடுங்கி பைக் நிறுத்தணும்னா நிறுத்திக்கோங்க."

சுமங்கலிக்குக் கொடுத்ததைப் பிடுங்குவதா? தங்கபாண்டிக்கு வியர்த்தது. பதில் வராது என்று தெரிந்தே, ஒரு மரியாதைக்காக ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"சரி, தோட்டம் தோட்டமாவே இருக்கட்டும். என்ன சொல்லுதிய அண்ணாச்சி?"

முத்துசெல்வம் கண்ணைத் திறந்தார். தங்கபாண்டியைப் பார்க்கவில்லை. மழைக்கு ஒதுங்கட்டுமென்று ஜன்னல் சன்ஷேடுக்கு அடியில் யாரோ காலையில் நிறுத்தியிருந்த பைக்கைப் பார்த்தார். அது தங்கபாண்டியின் பைக்.

"மொதல்ல... ஒம்ம பைக்க... எடும்," என்றார். "எலை... நசுங்குதுல்லா."

சங்கரேஸ்வரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தங்கபாண்டி குடையை மடக்கி மனைவியிடம் கொடுத்துவிட்டு, ஸ்டார்ட் பண்ணாமலே பைக்கைத் தள்ளினார்.

"அங்க... இல்ல. இன்னும்... அந்தால," என்று முத்துசெல்வம் வழி சொன்னார். குழறல் ஏழு பேருக்கும் கேட்டது. அவர் நிறுத்தவில்லை.