ஆறு மணிக்கு ஓடிய மெஷின்

மொட்டை மாடியில் ஆறு சோலார் பலகைகளை வைத்துக் கொடுத்தது என் மகள். அவள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். நான் இங்கே தனியாக இருக்கிறேன். வெயில் இருக்கும்வரை வாஷிங் மெஷின் அந்தக் கரண்டில் ஓடும். வெயில் குறைந்தால் மெயின் கரண்ட் தானாக வந்து சேர்ந்துகொள்ளும். எது எப்போது ஓடியது என்பதெல்லாம் அவள் போனில் கோடாகத் தெரியும்.

இதெல்லாம் வருவதற்கு முன் ஞாயிறு தவறாமல் கூப்பிடுவாள். வந்தபின், காலையில் கோடு ஏறினால் அம்மா எழுந்துவிட்டாள், மதியம் ஏறினால் துணி போட்டுவிட்டாள் என்று பார்த்துக்கொள்கிறாள். கேட்பதற்கு மிச்சம் எதுவும் இல்லாமல் போயிற்று. நானாகக் கூப்பிட்டால், "வேலையா இருக்கேன்மா, அப்புறம் பேசறேன்" என்பாள். ஆகவே கூப்பிடுவதை விட்டேன்.

ஒரு வியாழக்கிழமை மறதியாக மாலை ஆறு மணிக்கு மெஷினைப் போட்டேன். பத்தாவது நிமிடம் போன் வந்தது.

"வெயில் போனப்புறம் யாராவது மெஷினைப் போடுவாங்களா? உனக்கு எத்தனை தடவை சொல்றது?"

"மறந்துட்டேன்டி."

"பகலெல்லாம் வீட்டுல என்ன பண்ணிட்டிருந்தே, ஆபீஸுக்குப் போனியா?"

திட்டி முடித்தபின் என் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டாள். தன் வீட்டுக் குழாய் ஒழுகுவதைச் சொன்னாள். மொத்தம் பதினான்கு நிமிடம்.

அடுத்த வியாழனும் மறந்தேன். அதற்கடுத்த வியாழனும். துவைக்கத் துணி இல்லாதபோது, மடித்து வைத்திருந்த நான்கு துண்டுகளையே திரும்பத் திரும்பப் போட்டேன்.

ஏழாவது வாரம் மகள் சொல்லி எலெக்ட்ரீஷியன் வந்தார். மாடி ஏறி இறங்கினார். கொடியில் கிடந்த துண்டை விரலால் தூக்கிப் பார்த்தார்.

"பேனல்ல ஒரு குறையும் இல்லக்கா. ஆனா இந்தத் துண்டு என்ன பாவம் பண்ணுச்சு? கொசுவலை மாதிரி ஆயிடுச்சே."

நான் துண்டைக் கொடியிலிருந்து உருவி மடித்தேன்.

"நாலு மணிக்கு மேல மெஷினுக்குக் கரண்ட் போகாம டைமர் வைக்கச் சொல்லியிருக்காங்க உங்க பொண்ணு. வைக்கட்டுமா?"

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். "வைங்க தம்பி" என்றேன்.

அந்த வியாழன் ஆறு மணிக்குப் பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரியவில்லை. கால் மணி நேரம் மூடிமேல் கையை வைத்தபடி நின்றேன். போன் வரவில்லை, வர ஒரு முகாந்திரமும் இல்லை. பிறகு நானே கூப்பிட்டேன்.

"என்னம்மா? டைமர் சரியா இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்புறம் என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"பின்ன எதுக்குக் கூப்பிட்டே?"

திட்டு வாங்கியே பேச்சைத் தொடங்கிப் பழகியதில், திட்டு இல்லாமல் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

"முதல் தடவைதான்டி மறதி. மத்த வாரமெல்லாம் நீ திட்டுவேன்னுதான் போட்டேன்."



"அதுக்கு ஒரு போன் பண்ணக்கூடாதா?"

"பண்ணியிருக்கேன்ல, இப்போ."

அதற்குமேல் எங்கள் இருவருக்கும் பேச ஒன்றும் வரவில்லை. போனை மட்டும் யாரும் வைக்கவில்லை.