கல்லுக்கு நல்லது

மருமகன் வீட்டில் கைலாசத்துக்குத் தாகமே எடுக்காது. இரண்டு வருஷமாக அப்படித்தான். மகள் வேணியைப் பார்க்கப் பாளையங்கோட்டைக்கு வருவார், நாற்காலி நுனியில் உட்காருவார், செம்பில் தண்ணீர் நீட்டினால், "இப்பத்தான் குடிச்சேன்" என்பார். காப்பிக்கும் அதே பதில். சித்திரை வெயிலில் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றபோதும் அதையேதான் சொன்னார். இந்த மனுஷன் எங்கேதான் குடித்துவிட்டு வருகிறாரோ என்று மருமகன் இசக்கிமுருகனுக்கு ஆச்சரியம்.

ஆச்சரியம் என்று சொன்னால் பொய். காரணம் அவனுக்கு நன்றாகவே தெரியும். அவன் ஏரல் பக்கம் வாழைத்தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவரின் மகன். கைலாசம் சைவக் குடும்பம், ரிட்டயர்டு தாசில்தார். மகள் ரிஜிஸ்டர் ஆபீசில் மாலை மாற்றிக்கொண்டதை எப்படியோ மன்னித்துவிட்டார். ஆனால் மன்னிப்பு வேறு, தண்ணீர் வேறு. தன் கையால் ஒரே ஒரு வாய் அவர் வாங்கிக் குடித்துவிட்டால் போதும் என்று முருகன் உள்ளுக்குள் ஏங்கினான். இதை வேணியிடம்கூடச் சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது.

அவன் திருநெல்வேலி ஜங்ஷனில் ஐயம்பெருமாள் அண்ணாச்சியின் ஓட்டலில் மேனேஜர். தொண்ணூற்றேழு ஐப்பசியில் அண்ணாச்சிக்கு பார் லைசென்ஸ் கிடைத்தது. பெங்களூரிலிருந்து டை கட்டிய பீர் கம்பெனிக்காரர் ஒருவர் வந்து, ஊர்ப் பெரிய மனுஷர்களைக் கூப்பிட்டு நாலு வகை பீரைச் சின்னச் சின்ன கிளாஸில் கொடுத்து ருசி பார்க்கச் சொல்லலாம் என்றார். அண்ணாச்சி குடிக்காமலே மயங்கிவிட்டார். ஏற்பாடெல்லாம் முருகன் தலையில் விழுந்தது.

வேணி தன் அப்பாவிடம், "அவங்க முன்ன நின்னு நடத்துத விருந்துப்பா. வந்து ஒரு ஓரமா உக்காந்துட்டுப் போங்க" என்று கெஞ்சியிருந்தாள். என்ன விருந்து என்பதை மட்டும் சொல்லவில்லை. நெல்லையப்பர் கோயிலிலிருந்து நேராக, நெற்றி நிறையத் திருநீற்றோடு வந்து இறங்கிய கைலாசம், மேஜை மேல் பாட்டில்களைப் பார்த்தார். முருகனைப் பார்த்தார். ஓரத்து மேஜையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"தண்ணி கொண்டாரட்டுமா மாமா?"

"வேண்டாம் தம்பி. இப்பத்தான் குடிச்சேன்."

விருந்து படுத்துவிட்டது. நெல்லையில் குடிக்கத் தெரியாதவர்களா? ஆனால் சுவரைப் பார்த்து, இருட்டில், ஒரே மடக்கில் குடித்துப் பழகியவர்கள். இங்கே கல்யாண மண்டபம் மாதிரி ட்யூப்லைட் வெளிச்சம். எதிரில் சம்பந்தி, பக்கத்தில் மகனின் வாத்தியார். கம்பெனிக்காரர் நிறத்தைப் பாருங்கள் என்றதும் பார்த்தார்கள். வாசம் பிடியுங்கள் என்றதும் பிடித்தார்கள். பிறகு நல்ல பிள்ளைகளாகக் கீழே வைத்துவிட்டு ஆளுக்கொரு சோடா கேட்டார்கள்.

முருகன் தட்டை ஏந்திக்கொண்டு மேஜை மேஜையாகப் போனான். உரக்கடை ஆவுடைநாயகம் தட்டைத் தள்ளிவிட்டு, "ஏலே, மொதல்ல நீ குடிச்சுக் காட்டுலே. பொறவு பாப்போம்" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். முருகனுக்கு அந்தச் சிரிப்புகூடப் பெரிதில்லை. மாமா காதில் அந்த 'லே' விழுந்திருக்குமே என்று கூசிப்போனான்.

விழுந்திருந்தது.

"தம்பி, அதை இங்கன கொண்டாங்க" என்றார் கைலாசம். தாசில்தார் குரல். சபையே திரும்பிப் பார்த்தது. தட்டிலிருந்து ஒரு கிளாஸை எடுத்தார், அண்ணாந்தார், உயரத் தூக்கி ஊற்றிக்கொண்டார்.

கடித்துக் குடிக்கிற வழக்கம் அவர்கள் வீட்டில் கிடையாது. பாத்திரத்தில் உதடு பட்டால் எச்சில். கொதிக்கிற காப்பியையே அவர் தூக்கித்தான் குடிப்பார், ஒரு சொட்டுச் சிந்தாது. ஆனால் காப்பி நுரை வேறு, பீர் நுரை வேறல்லவா? அது பொங்கி மூக்கில் ஏறி, மீசையில் வழிந்து, திருநீற்றையும் கரைத்துக்கொண்டு ஓடியது. மனுஷனுக்குப் புரையேறிவிட்டது. முருகன் தட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்து உச்சந்தலையில் தட்டினான். மாமாவை அவன் தொட்டது அதுதான் முதல் தடவை.

கைலாசம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இது பார்லில செஞ்சதுல்லா? எனக்கு கிட்னில கல்லு. டாக்டர் பார்லி குடிக்கச் சொல்லியிருக்காரு."

பிறகு ஆவுடைநாயகம் பையக் கையை நீட்டி ஒரு கிளாஸை எடுத்தார். "எனக்கும் கல்லு உண்டும்வே." அடுத்த மேஜையில் ஒருவருக்கு இரண்டு பக்கமும் கல். வாத்தியாருக்குப் பரம்பரையாகக் கல். கொஞ்ச நேரத்தில் அந்த ஓட்டலுக்குள் கல் இல்லாத மனுஷனே இல்லை. அண்ணாச்சி முகம் மலர்ந்துவிட்டது. கம்பெனிக்காரர் மட்டும் ஒன்றும் புரியாமல் எல்லோருக்கும் கை கொடுத்தார்.

சந்தடி அடங்கியதும் முருகன் ஓரத்து மேஜைக்கு வந்தான். கிளாஸில் இன்னும் பாதி இருந்தது.

"இத எப்படித்தான் குடிக்கதுக்கு?" என்றார் கைலாசம்.

"கடிச்சுத்தான் குடிக்கணும் மாமா. தூக்குனா நுரை ஏறிரும்."

"எங்க, காட்டுங்க."

அவன் சட்டென்று அந்தக் கிளாஸையே எடுத்து ஒரு வாய் உறிஞ்சிக் காட்டிவிட்டான். உறிஞ்சிய பிறகுதான் உறைத்தது. "ஐயோ, வேற கிளாஸ் கொண்டாரேன் மாமா."

"எதுக்கு?"

அவன் கையிலிருந்து கிளாஸை வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு விளிம்பில் உதட்டை வைத்து ஒரு வாய் குடித்தார். முகம் அஷ்டகோணலானது.

"கசக்கு, மாப்ளை" என்றார்.

முருகனுக்குக் கண் நிறைந்துவிட்டது. மாமா அதைப் பார்க்காத மாதிரி மீசை நுரையைத் துடைத்துக்கொண்டு, செருப்பை மாட்டி, வாசல் வரை போய்விட்டுத் திரும்பினார்.

"நாளைக்கு வீட்டுக்கு வாரேன். காப்பி போட்டு வைங்க."

"சரி மாமா."

"இப்பத்தான் குடிச்சேன்னு சொன்னா நம்பாதீங்க."