நின்ற பிறகு வந்த தூரம்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுங்களா, எர்ணாவூர் மங்கம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

மங்கம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. மாதவிலக்கு நின்று ஒன்றரை வருடமாகிவிட்டது. ஆடி மாதம் ஒரு காலையில் மீன் கூடையைத் தூக்கக் குனிந்தவளுக்குப் புடவை நனைந்தது. பார்த்தால் ரத்தம்.

மாதவிலக்கு நாட்களின் வழக்கப்படி கணவன் தாமோதரனின் வலையைத் தொடாமல் ஒதுங்கி உட்கார்ந்தாள். பக்கத்தில் மீன் விற்கும் பூவம்மாவுக்குச் சிரிப்பு தாளவில்லை.

"இன்னாடி, தூரமா? திரும்பக் கொமரி ஆயிட்டியா? அண்ணனாண்ட சொல்லு, புதுப்புடவ எடுக்கட்டும்."

மங்கம்மாவுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பழைய பழக்கமாகக் காலண்டரில் வட்டம் போட்டாள். ஒன்பது நாள் கழித்துத்தான் நின்றது. ஆறே நாளில் மறுபடியும் வந்தது. கடல் ஒவ்வொரு வருடமும் வாசலை நெருங்குவதுபோல அந்த வட்டங்கள் நெருங்கின. வலி இல்லாததால் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் முறை வந்தபோதுதான் காலண்டரைச் சுருட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"முன்ன எப்போம்மா நின்னுது?" என்று நர்ஸ் கேட்டாள்.

"போன வருசம் பொங்கலோட."

எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் நிமிர்ந்தாள். "ஒரு வருசம் நின்னுட்டு அப்புறம் வந்தா அது தூரம் இல்லம்மா. ஒரு சொட்டு பட்டாலும் உடனே காட்டணும். இன்னிக்கே ஸ்கேன் எடுத்துடலாம்."

"பெரிசா எதுனா கீதா?"

"கர்ப்பப்பையில கட்டியோ புத்துநோயோ இருக்கான்னு பாத்தாத்தான் தெரியும்."

மங்கம்மா வெளியே வந்து பூவம்மாவுக்குப் போன் போட்டாள். "தூரம் இல்லையாம்டி. ஸ்கேனுக்குப் போறேன், தொணைக்கு வர்றியா?"

பூவம்மா இந்த முறை சிரிக்கவில்லை. "அங்கயே குந்து. தோ, வந்துகினே கீறேன்."

உங்கள் வீட்டுப் பெண்களை எந்த நோயும் அண்டாமல், உங்கள் அடுப்பும் விளக்கும் அணையாமல் இருக்கட்டும், கண்ணுங்களா.