பதினோரு மணிக்கு மேல் வாங்க

காலையில் நான் பேருந்தை விட்டு இறங்கும்போது நாற்றம் தரையோடு படுத்திருக்கும். கோழி எரு, உடைந்த முட்டை, செத்த கோழி எல்லாம் சேர்ந்த நாற்றம். மூக்கைப் பொத்தினால் வாய் வழியாகப் போய் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். கொண்டுபோன இட்லியை ஒரு நாளும் அங்கே வைத்து நான் தின்றதில்லை.

நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே ஒரு பள்ளத்தில் பூபதி வீட்டுமனை போட்டிருந்தார். கிழக்கே மேட்டில் கோழிப்பண்ணை. பண்ணையின் எருக்குழி பள்ளத்தைப் பார்த்தபடி இருந்தது. இயற்பியல் படித்துவிட்டு வேறு வேலை கிடைக்காததால், அவருடைய தகரக் கொட்டகை ஆபீசைத் திறந்து, கூட்டி, மனை பார்க்க வருகிறவர்களுக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

யார் போன் செய்தாலும் பூபதி ஒன்றைத்தான் சொல்வார். "பதினோரு மணிக்கு மேல வாங்க. காலைல நான் கோயலுக்குப் போயிருவேனுங்க."

அவர் எந்தக் கோயிலுக்கும் போனதில்லை. இரவில் தரை குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனக்கிறது. கனத்த காற்று தண்ணீரைப் போல மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வழிகிறது, எருக்குழியின் நாற்றத்தோடு. மேலே இருப்பது அதைவிடச் சூடான, லேசான காற்று. அதைத் தாண்டிக் கீழே இருப்பது எழும்பாது. வெயில் ஏறித் தரை சுட்ட பிறகுதான் அடிக்காற்று சூடாகிக் கிளம்பும். நாற்றத்தையும் தூக்கிக்கொண்டு போகும். அதன் இடத்துக்கு மேலிருந்து நல்ல காற்று இறங்கும். வானத்தில் சின்னச் சின்ன மேகங்கள் முளைக்கும் நேரத்துக்குப் பள்ளம் சுத்தமாகிவிடும். பூபதிக்குக் காரணம் தெரியாது. நேரம் தெரியும்.

ஐப்பசியில் ஒரு நல்ல வெயில் நாளில் குமாரபாளையத்திலிருந்து ஜெயப்பிரியா வந்தாள். கூடவே கணவன் கதிர். அவள் இடுப்பில் ஒரு பையன். அவன் மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் விசில் கேட்டது.

"தறி ஓடற ஊடுங்க. எங்க பாத்தாலும் பஞ்சுத் தூசி. ராத்திரியானா இவனுக்கு இழுப்பு" என்றாள். "ஊட்ட மாத்துங்கன்னுட்டார் டாக்டர். இங்க காத்து நல்லா இருக்குமுங்களா?"

"இந்தக் காத்துக்குத் தனியா காசு வாங்கோணுமுங்க. நான் ஒரு ஏமாளி, சும்மா குடுக்கறேன்" என்று பூபதி சிரித்தார். பல்லிடுக்கில் பாக்கு சிவந்திருந்தது. "எங்க அம்மிணி சயின்ஸ் படிச்சது. அதையவே கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மோர் டம்ளர்களை அடுக்கினேன்.

"இப்ப நல்லா இருக்குதுங்க" என்றேன்.

'இப்ப' என்றதை அவள் கவனிக்கவில்லை. நகையை அடகு வைத்து மறுநாள் நல்ல நேரத்தில் முன்பணம் கொடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். பையன் எனக்குக் கை காட்டினான். நான் திருப்பிக் காட்டவில்லை.

மறுநாள் விடிந்தபோது வானம் தெளிவாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் கிழக்கிலிருந்து மேக மோடம் வந்து மூடியது. கடலில் எங்கோ காற்றழுத்தத் தாழ்வு என்றார்கள். பதினொன்று ஆகியும் வெயில் இல்லை. தரை சுடவில்லை. இலை அசையவில்லை. மேலே போக வழியில்லாமல் நாற்றம் பள்ளத்திலேயே தேங்கிக் கிடந்தது. மோர்ப் பானையின் மூடியில் ஈக்கள் அப்பியிருந்தன.

"சனியம் புடிச்ச வெய்யில் எங்க போய்த் தொலஞ்சுது?" என்று பூபதி கத்தினார். நாளைக்கு வரச் சொல்லிப் போன் போட்டார். அவர்கள் பேருந்து ஏறிவிட்டிருந்தார்கள். கொட்டகையைச் சுற்றிச் சாம்பிராணி போடச் சொன்னார். அந்தப் புகையும் எழும்பவில்லை. நாற்றத்தோடு கலந்து, பிணம் கிடக்கும் வீடு மாதிரி ஆனது.

பாதையில் வரும்போதே பையன் இருமத் தொடங்கினான். ஜெயப்பிரியா முந்தானையால் அவன் மூக்கைப் பொத்தினாள்.

"ஏனுங்க, இதென்ன இப்படி நாறுது?"

"இன்னிக்கு மட்டுந்தானுங்க. பண்ணையில குழியக் கிளறிட்டாங்களாட்டம் இருக்குது. சொல்லு அம்மிணி."

பையனின் கழுத்துக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தது.

"தெனமும் இருக்குதுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "தெனமும். பொழுது எறங்குனா வந்துரும். ராத்திரியெல்லாம் இருக்கும். வெய்யில் தரையச் சுட்டாத்தான் காத்து மேல போகும். அதுக்குத்தான் பதினோரு மணிக்கு மேல வரச் சொல்றது."

பூபதி வாயைத் திறந்தார். அவருக்கு முன் கதிர் பேசினான்.

"அப்ப மத்தியானத்துல தெரியாதுங்களா?"

"வெய்யில் இருந்தா தெரியாதுங்க."

கதிர் மேட்டைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான். பிறகு பூபதியிடம் நெருங்கினான். "அப்படின்னா வெலையில பாத்து எறக்குங்கண்ணா. வாங்கிப் போட்டு வெக்கறேன். கோடையில எவனையாச்சும் மத்தியானமாக் கூட்டியாந்து காட்டித் தள்ளிட்டாப் போச்சு."

பூபதியின் முகம் மலர்ந்தது. "வெவரமான ஆளுங்க நீங்க. உக்காருங்க. அம்மிணி, மோர் கொண்டா."

இரண்டு பேரும் நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்த நாற்றத்துக்குள் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். கதிர் ஈயை விரட்டிவிட்டு மோரைக் குடித்தான். மீசையில் வெள்ளையாக ஒட்டியது.

"ஏம் பிரியா, பையக் குடு" என்றான்.

நகையை அடகு வைத்த பணம் அவள் தோள்பையில் இருந்தது. அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, பையனைத் தூக்கிக்கொண்டு, சாலையைப் பார்த்து நடந்தாள்.

"ஏய், நில்லு! பிரியா!"

அவள் திரும்பவில்லை. பூபதி என் பக்கம் திரும்பினார். "வாய் இருக்குதா உனக்கு? நாளைக்கு இந்தப் பக்கம் வந்தீன்னா பாத்துக்க."

சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு நானும் நடந்தேன்.

பேருந்து நிறுத்தத்தில் அவள் பையனின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். மேடான இடம். இருமல் குறைந்திருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன். அவள் கேட்டாள்.

"நேத்தே தெரியுமில்ல உனக்கு?"

"தெரியுமுங்கக்கா."

அவள் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தாள். பிறகு பையனை எனக்கு எட்டாத அந்தப் பக்கத்து இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.