வேண்டாம் என்கிற முகம்

எங்கள் துறையின் பெயர் 'குழந்தைமை, இளமை, சமூகம்'. மூன்று சொல், மூன்று பேராசிரியர்கள், ஆளுக்கொரு சொல். குழந்தைமைக்கு உரியவர் துறைத் தலைவர். குழந்தைகளின் குரலைப் பற்றி மூன்று புத்தகம் எழுதிய அம்மையார். வராந்தாவில் யாராவது கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால் எழுந்து வந்து கதவைச் சாத்துவார். இளமைக்கு உரியவருக்கு அறுபத்தொரு வயது, தலைமுடிக்கு மட்டும் முப்பது. சமூகத்துக்கு உரியவர் யாரோடும் பேசுவதில்லை. இவர்களுக்குக் கீழே எழுத்தர் என்று நான் ஒருவன். படிவம் அச்சடிப்பது, கூட்டக் குறிப்பு எழுதுவது, வேண்டாத காகிதங்களை நறுக்கும் இயந்திரத்தில் போடுவது என் வேலை.

கூட்ட அறையின் மூலையில் சிவப்பு நிறத்தில் ஒரு குட்டி நாற்காலி இருக்கிறது. அதற்கு மேலே 'குழந்தைகளுக்கான இடம்' என்று பலகையும் மாட்டியிருக்கிறார்கள். துறை தொடங்கிப் பதினாறு ஆண்டாகிறது, அதில் ஒரு குழந்தையும் உட்கார்ந்ததில்லை. தலைவரின் கைப்பை உட்கார்ந்திருக்கிறது.

இந்தத் துறையில்தான் என் அக்கா நாற்பத்தாறு வயதில் மாணவியாகச் சேர்ந்தாள். ஆசைப்பட்டுச் சேரவில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கும் குழந்தைகள் காப்பகத்தில் பத்தொன்பது ஆண்டாக வேலை. ஐந்து வயதுக்காரர்களின் அறை முழுக்க அவள் பொறுப்பு. பட்டம் இல்லாதவர்கள் இனி அறைப் பொறுப்பில் இருக்க முடியாது என்று திடீரென்று ஒரு விதி வந்தது. கொஞ்ச காலம் அவகாசம் கொடுத்தார்கள். அதற்குள் பட்டம் வாங்காவிட்டால் அறை வேறொருத்தர் கைக்குப் போகும், அக்கா அவருக்கு உதவியாள் ஆவாள்.

"இத்தனை வருஷம் மூக்கு துடைச்சதெல்லாம் கணக்குல வராதாம்டா. மூக்கு துடைக்கிறதைப் பத்திப் படிச்சிருக்கணுமாம்" என்றாள் சேர்ந்த அன்று.

படித்தாள். கட்டுரை, தேர்வு எல்லாம் முடிந்தது. கடைசியாக ஓர் ஆய்வேடு மட்டும் பாக்கி. ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு அடுத்தவர் துயரம் புரிகிறதா என்பது தலைப்பு. ஏழு வயதுக்குக் கீழே அது புரியாது என்று தலைவர் தம் இரண்டாவது புத்தகத்தில் முடிவுகட்டியிருந்தார். அக்கா தன் அறைக் குழந்தைகள் பதினான்கு பேரையும் இரண்டு மாதம் கவனித்து, தினமும் எழுதி, நூற்றுப் பத்துப் பக்கம் சேர்த்திருந்தாள்.

இங்கே ஒரு சடங்கு இருக்கிறது. பெற்றோர் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. ஆய்வு முடிந்ததும் ஒவ்வொரு குழந்தையிடமும், 'உன்னைப் பற்றி எழுதியதை நாங்கள் வைத்துக்கொள்ளலாமா' என்று கேட்க வேண்டும். குழந்தைக்கு எழுதத் தெரியாது என்பதால் படிவத்தில் இரண்டு முகம். சிரிக்கிற முகத்துக்கு வண்ணம் தீட்டினால் சரி, அழுகிற முகத்துக்குத் தீட்டினால் வேண்டாம். பெரியவர்கள் எட்டிப் பார்க்கக் கூடாது. குழந்தையே மடித்து உறையில் போட்டு ஒட்ட வேண்டும். உறை, மூன்று பேராசிரியர்களும் அடங்கிய குழுவின் முன்னால்தான் திறக்கப்படும். முகங்களை வரைந்தவர் தலைவர். அவற்றை நான்கு நாட்டுக் கருத்தரங்குகளில் திரையிட்டுக் காட்டிக் கைதட்டல் வாங்கியவரும் அவரே.

குழு கூடிய அன்று அக்காவின் உறைகளைப் பிரித்தவன் நான். சிரிக்கிற முகம் மூன்று, அழுகிற முகம் பதினொன்று.

"பதினோரு பேர் மறுத்துட்டாங்க" என்றார் தலைவர். அவர் குரலில் வருத்தமும் இருந்தது, படிவம் வேலை செய்கிறது என்ற திருப்தியும் இருந்தது. "குறிச்சுக்கோங்க. பதினோரு பேரோட பதிவுகளும் நீக்கம்."

குறித்துக்கொண்டேன். என் அக்காவைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்று யாருக்கும் நினைவில்லை. பேனாவுக்கு உறவுக்காரர்கள் இருப்பார்கள் என்று யார் யோசிப்பார்கள்?

மறுநாள் காலை அக்கா மூச்சிரைக்கத் தலைவரின் அறைக்கு வந்தாள். நான் கோப்புகளோடு நின்றிருந்தேன்.

"மேடம், பசங்ககிட்ட கேட்டுட்டேன். அவங்க வேண்டாம்னு சொல்லலை. அந்த மூஞ்சி அழுதுட்டு இருக்குல்ல, பாவம்னு அதுக்குக் கலர் குடுத்திருக்காங்க."

தலைவர் கையை உயர்த்தினார். "நிறுத்துங்க. மறுத்த குழந்தைங்க பேசினதை நீங்க சொல்லவும் கூடாது, நான் கேக்கவும் கூடாது. அது அவங்களோட உரிமை."

"மறுக்கலைன்னுதான் சொல்றாங்க மேடம்."

"அதைச் சொல்றதுக்கு அவங்க ஒப்புதல் வேணுமே."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கோப்பைப் பார்த்தேன்.

தலைவர் கொடுமைக்காரர் இல்லை, அதுதான் சிக்கலே. நாற்காலியை இழுத்துப்போட்டு, அக்காவை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மெதுவாகச் சொன்னார். "மூணு பேர் இருக்காங்க இல்ல. அவங்களை மட்டும் வெச்சு எழுதுங்க. சின்ன ஆய்வுதான், ஆனா சுத்தமா இருக்கும். மாசக் கடைசிக்குள்ள குடுத்தா நான் கையெழுத்துப் போடறேன். புதுப் படிவம்னு போனா அனுமதிக்கே நாலு மாசம் ஆகும்."

நான்கு மாதம் என்றால் அறை போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வீட்டுக்குப் போனேன். சமையலறை மேசை முழுக்கக் காகிதம். அவள் காப்பகத்து மேலங்கிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கோபம் வந்தால் அவள் துணிகளுக்குத்தான் நல்ல காலம்.

"மூணு பேரை வெச்சு எழுதிடுக்கா. பட்டம் வாங்கு, ரூமைக் காப்பாத்து. அதை யாரு படிக்கப் போறாங்க?"

"அந்த மூணு பேர் யாருன்னு தெரியுமா உனக்கு? ஒருத்தன் பாதி நாள் தூங்கறவன். ஒருத்தி போன மாசம்தான் சேர்ந்தா. இன்னொருத்தனுக்குத் தன் செருப்பு எதுன்னே தெரியாது. இவங்களை வெச்சு எழுதினா என்ன வரும்? அஞ்சு வயசுக்கு அடுத்தவன் கஷ்டம் புரியாதுன்னு வரும்."

"வரட்டுமே. அதைத்தானே தலைவரும் எழுதியிருக்காங்க. இன்னும் நாலு மார்க் கூடவே விழும்."

"மத்த பதினோரு பேரும் ஒரு காகித மூஞ்சி அழறதையே பாத்துட்டுச் சும்மா இருக்கலைடா. அதனாலதான் அவங்களைத் தூக்கறாங்க. பாவம் பாத்தவங்களையெல்லாம் வெளியே அனுப்பிட்டு, இங்க யாருக்கும் பாவமே வரலைன்னு நான் எழுதணுமா?"

இஸ்திரிப் பெட்டி சீறியது. அரசு அலுவலகத்தில் இருபது ஆண்டு இருந்தால் யார் படிக்கப் போகிறார்கள் என்பது ஒரு பதிலாகவே ஆகிவிடுகிறது.

"ரூம் போனா என்ன பண்ணுவ?"

"வர்ற பொண்ணுக்கு உதவி பண்ணுவேன். இருபத்திநாலு வயசாம். அதுக்கும் மூக்கு துடைக்கத் தெரியணுமே." சிரிக்கத்தான் பார்த்தாள். அடுத்த மேலங்கியை எடுத்து உதறினாள்.

திங்கட்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன். துறையின் ஒப்புதல் விதிகளை எடுத்து முதலிலிருந்து வாசித்தேன். மொத்தம் ஒன்பது பக்கம். பதினாறு ஆண்டுக்கு முன்னால் தட்டச்சு செய்தவன் நானே, எனக்கே மறந்துபோயிருந்தது. ஏழாவது விதி: 'குழந்தையின் விருப்பத்தில் ஐயம் எழுந்தால் குழுவினர் நேரில் சென்று கேட்டறியலாம்.' அதைப் புதன்கிழமைக் கூட்டத்தின் நிரலில் கடைசிப் பொருளாகச் சேர்த்தேன்.

தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "இப்படி ஒரு விதி இருக்கா?"

"நீங்க எழுதினதுதான் மேடம்."

"நேர்ல போறதுன்னா, எங்க?"

"குழந்தைங்க இருக்கிற இடத்துக்கு மேடம்."

இளமை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சமூகம் சன்னலைப் பார்த்தார். தாம் எழுதிய விதியைத் தாமே மீறுவது எப்படி என்று தலைவருக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை போவதாக முடிவாயிற்று.

காப்பகத்தில் பெரிய நாற்காலி கிடையாது. மூன்று பேராசிரியர்களும் முழங்கால் மோவாயில் இடிக்கக் குட்டி நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். இளமை உட்காரும்போது எழுந்த சத்தம் நாற்காலியுடையதா முட்டியுடையதா என்று ஒரு பையன் இன்னொருவனிடம் கேட்டுக்கொண்டிருந்தான். அக்கா கதவுக்கு வெளியே நிற்க வேண்டும் என்பது விதி. நின்றாள். கண்ணாடி வழியே அவள் கை மேலங்கியின் முனையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரிப்பது தெரிந்தது.

முதலில் வந்தது ஐந்து வயதுப் பெண் ஒருத்தி. அறையில் யார் செருப்பு எங்கே, யார் இன்னும் கை கழுவவில்லை என்ற எல்லா விவரமும் அவளிடம் இருக்கும் என்பதால் அக்கா வைத்த பெயர் மேனேஜர். வந்தவள் தலைவரின் கைப்பையைத் தரையிலிருந்து எடுத்து, அதற்குரிய கொக்கியில் மாட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

தலைவர் படிவத்தைக் காட்டினார். "இதுல நீ எதுக்குக் கலர் குடுத்தே?"

"இவனுக்கு."

"ஏன்?"

"சிரிக்கிறவனுக்கு என்ன குறை? அவன் நல்லாத்தானே இருக்கான். இவன்தான் அழறான். எல்லார்கிட்டயும் சொன்னேன், இவனுக்குக் குடுங்கன்னு. மூணு பேர் அதுக்குள்ள அவனுக்கு அடிச்சிட்டாங்க." கடைசி வாக்கியத்தை ஒரு நிர்வாகக் குறைபாடாகவே தெரிவித்தாள்.

"சரிம்மா. ஆனா இந்த முகம் எதுக்குன்னா, வேண்டாம்னு சொல்றவங்களுக்கு."

மேனேஜர் படிவத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"வேண்டாம்னு சொன்னா அழணுமா?"

நான் குறிப்பெழுதுவதை நிறுத்தினேன். உறவினரிடமோ மேலதிகாரியிடமோ வேண்டாம் என்று சொல்லப் போகும்போதெல்லாம் முகத்தை முன்கூட்டியே வாட்டமாக வைத்துக்கொள்வேன். அதை எந்த வயதில் கற்றுக்கொண்டேன் என்று நினைத்துப் பார்த்தேன். யாராவது ஒரு படம் காட்டியிருக்க வேண்டும்.

தலைவர் படிவத்தைத் திரும்ப வாங்கினார். நான்கு நாட்டில் கைதட்டல் வாங்கிய முகத்தை முதல்முறை பார்ப்பவர் போலப் பார்த்தார். பிறகு அதைக் கவிழ்த்து வைத்தார். "சரி, இது வேண்டாம். நேராவே கேக்கறேன். உங்க டீச்சர் உன்னைப் பத்தி எழுதி வெச்சிருக்காங்க. அதை நாங்க படிக்கலாமா?"

"வேண்டாம்."

சிரித்த முகமாகத்தான் சொன்னாள்.

"ஏம்மா?"

"சும்மா."

அடுத்தடுத்து பத்துப் பேரும் வந்தார்கள். பத்துப் பேரும் சரி என்றார்கள். ஒருவன், தன்னைப் பற்றி எழுதும்போது அவன் மிகவும் உயரம் என்பதையும் சேர்க்கச் சொன்னான். யாரோடும் பேசாத சமூகம் அவனிடம் எவ்வளவு உயரம் என்று கேட்டார். இத்தனை ஆண்டில் அவர் குரலை நான் முழுதாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

நீ இல்லாம ஆய்வேடு இல்லையே என்று மேனேஜரிடம் மறுபடி கேட்டுப் பார்க்கலாமா என்று இளமை தலைவரின் காதில் கிசுகிசுத்தார். "அவ சொல்லிட்டா" என்றார் தலைவர். அந்த மூன்று புத்தகத்தில் எழுதியதையெல்லாம் விட அந்த இரண்டு சொல்லுக்காக அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. மறுப்புக்கான காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். "சொன்னதை எழுதுங்க" என்றார். 'சும்மா' என்று எழுதினேன்.

அக்கா மாதக் கடைசியில் ஆய்வேட்டைக் கொடுத்தாள். பதிமூன்று குழந்தைகள். ஆய்வுக்கே நடுவாக இருந்த, மேனேஜரைப் பற்றிய ஒன்பது பக்கம் எடுக்கப்பட்டது. அவள் படிவத்தைப் பார்த்துச் சொன்னதும் அதில் இல்லை. 'ஆய்வின் மையம் பலவீனமாக உள்ளது' என்று தலைவர் எழுதி, தேறுவதற்குரிய மதிப்பெண்ணைப் போட்டுக் கையெழுத்திட்டார். அதற்கு மேல் ஒரு மதிப்பெண்ணும் இல்லை. அறை அக்காவிடமே இருக்கிறது. இரண்டு முகப் படிவத்தை மறுபடி அச்சடிக்கச் சொல்லி இதுவரை யாரும் என்னிடம் வரவில்லை.

நீக்கிய பக்கங்களை அழிப்பதும் விதிதான். எழுதியவர் கூடவே நிற்க வேண்டும். அக்கா நின்றாள். இயந்திரம் ஒவ்வொரு தாளாக இழுத்து நூல்நூலாகத் துப்பியது. அவள் கையெழுத்து மளிகைப் பட்டியல் மாதிரி சாய்ந்து சாய்ந்து ஓடும். நறுக்கின பிறகும் அடையாளம் தெரிந்தது.

"இதான்டா நான் எழுதினதிலேயே நல்லா வந்தது" என்றாள்.

"அன்னைக்கப்புறம் அவகிட்ட நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பா."

"சொல்லியிருப்பா. எனக்காகச் சொல்லியிருப்பா. அதான் கேக்கலை."

கடைசித் தாள் போனது.

"நீ படிச்சியா?"

"இல்லையே."

"புளுகாதே."

"ரெண்டு வரி. கண்ணுல பட்டுச்சு."

"எந்த ரெண்டு வரி?"

சொன்னேன். அவள் மேலங்கியில் ஒட்டியிருந்த காகித இழை ஒன்றை எடுத்துத் தொட்டியில் போட்டாள்.

"யார்கிட்டயும் சொல்லாதே" என்று சொல்லிவிட்டு, பகல் தூக்கம் முடிந்து குழந்தைகள் எழுந்திருக்கும் நேரம் என்று கிளம்பிப் போனாள்.