பத்துக்கு மேல் ஒன்று

மணியத்துக்குக் கைத்துப்பாக்கி லைசென்ஸ் கிடைத்த செய்தி மலாக்காவை ஒட்டிய பத்து பெரண்டாம் ஊர் முழுவதும் பரவியது. பரப்பியவர் மணியம்.

அவருக்கு மூன்று பேக்டரி பஸ்கள் ஓடின. மாதக் கடைசியில் டிரைவர்களின் சம்பளப் பணத்தை பேங்கிலிருந்து அவரே எடுத்து வருவார். போலீசிடம் சொன்ன காரணம் அது. வீட்டில் சொன்ன காரணம் பின்கதவு.

அது மழையில் ஊறிப் பருத்த பலகைக் கதவு. தாழ்ப்பாள் ஓர் இடத்திலும் அது நுழைய வேண்டிய ஓட்டை வேறோர் இடத்திலும் இருந்தன. பாயா ரும்புட்டில் நிர்மலாதேவியின் அக்காள் இந்திராதேவியின் வீட்டுக்குள் பட்டப்பகலில் இரண்டு பேர் பாராங் கத்தியோடு நுழைந்து தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு போனார்கள். அதிலிருந்து நிர்மலாதேவி வீட்டில் தனியாக இருக்கும்போது குளிப்பதில்லை. கணவர் கிளம்பியதும் சமையல் கேஸ் தோங் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து பின்கதவுக்கு முட்டுக் கொடுப்பாள். நிறைந்த சிலிண்டர். காலியானது கதவைத் தாங்காது.

“அக்கா வீட்டுல எப்படி வந்தானுங்க? கதவத் தள்ளுனான், தொறந்துக்கிச்சு. அவ்ளோதான். ஒரு இரும்புக் கதவு போடுங்கன்னு எத்தன தடவதான் சொல்றது?”

“கதவு போட்டா வர்றவன் வராமப் போயிருவான்,” என்றார் மணியம்.

“அதுக்குத்தானேங்க கதவு?”

“துப்பாக்கி இருந்தா, வருவான், பாப்பான், திரும்பிப் போவான். அதுல ஒரு மரியாத இருக்கு லா.”

நிர்மலாதேவி ஒரு பையில் நான்கு புடவைகளை வைத்து முன்வாசல் பக்கம் கொண்டுபோய் வைத்தாள்.

“கதவு வரணும். இல்லாட்டி நான் குளுவாங்குக்கு, எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். உங்க துப்பாக்கியும் நீங்களும் இருங்க.”

மணியம் பையைச் சுற்றி நடக்கப் பழகினார்.

துப்பாக்கி வாங்க பாக்கியசாமியைக் கூட அழைத்துப் போனார். பாக்கியசாமி பக்கத்து வீடு. எஸ்டேட் ஆபீசில் கிராணியாக எழுத்து வேலை பார்த்த காலத்தில் துரையின் வேட்டைத் துப்பாக்கியைத் துடைத்திருக்கிறார். சுட்டதில்லை. அக்கம்பக்கத்தில் ஆயுதம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

மலாக்கா டவுனில் அந்தக் கடைக்குப் பலகைகூட இல்லை. கடை முதலாளியான சீனத் தௌக்கே கண்ணாடிப் பெட்டியின்மேல் மூன்று கைத்துப்பாக்கிகளை வைத்தார். மணியத்துக்கு மூன்றும் ஒன்றுபோலவே தெரிந்தன.

“மேகசின் எத்தனை வேணும், பாஸ்?”

மணியம் பாக்கியசாமியைப் பார்த்தார். பாக்கியசாமி சுவரைப் பார்த்தார். தௌக்கே ஒரு துப்பாக்கியின் பிடிக்குள்ளிருந்து சிறிய இரும்புக் கூட்டை உருவிக் காட்டினார். தோட்டாக்கள் அடுக்குவது அதில்தான்.

“இது ஏழு. இது பதிமூணு. இது எட்டு.” எட்டை மட்டும் விரலால் முன்னால் தள்ளினார். “எட்டு பாகுஸ் லா, பாஸ். எட்டு ஓங், அதிர்ஷ்டம். என் காடி நம்பர் எட்டு, என் வீட்டு நம்பர் எட்டு, என் டெலிபோன் மூணு எட்டு.”

மணியம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். எட்டு சனியின் எண். அவருடைய முதல் பஸ்ஸின் நம்பரைக் கூட்டினால் எட்டு வரும். அது ஜாசின் போகும் வழியில் கால்வாயில் இறங்கியது. டிரைவர் குடித்திருந்தான் என்பதை மணியம் ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

“அப்ப ஏழு?” என்றார் பாக்கியசாமி.

“ஏழு போடு. உள்ளே இழு. ஒண்ணு குழாய்க்குள்ள போயிரும்,” என்றார் தௌக்கே. “அப்புறம் மேகசின்ல இன்னொண்ணு வைக்கலாம். ஆனா வீட்டுல அப்படி வைக்காதே, பாஸ். பஹாயா. ஆபத்து. மேகசின் கழட்டினாலும் அந்த ஒண்ணு உள்ளேயே இருக்கும்.”

மணியம் கடைசி வாக்கியத்தைக் கேட்கவில்லை. கூட்டிக்கொண்டிருந்தார்.

“ஏழும் ஒண்ணும் எட்டுண்ணே.”

“பாரேன்!” என்றார் பாக்கியசாமி. “மறைவா வந்து நிக்குது.”

“பதிமூணு எடுத்துக்குவமா?”

“தம்பி, உன் வீடு, உன் இஷ்டம். ஆனா ஏசு ஆண்டவர் கடைசியா சாப்பிட உக்காந்தப்ப மேசையில எத்தன பேரு?”

“எத்தன பேரு?”

“பதிமூணு. மறுநாள் என்ன ஆச்சு?”

“நான் இந்துண்ணே.”

“தோட்டாவுக்கு அது தெரியுமா?”

இருவரும் வெறுங்கையோடு திரும்பினார்கள். வழியில் திருடர்களைக் கணக்கிட்டார்கள். மூன்று பேர் வந்தால் ஆளுக்கு இரண்டு. ஒருவன் ஓடினால் மிச்சம். நான்கு பேர் வந்தால், மூன்றாமவனிடம் கொஞ்சம் சிக்கனமாக இருக்க வேண்டும். பத்து பெரண்டாம் வருவதற்குள் பதினொரு திருடர்கள் செத்திருந்தார்கள். ஒருவனும் பின்கதவு வழியாக வரவில்லை.

மறுநாள் மணியம் சாமிக்கண்ணுவின் கடைக்குப் போனார். கோயில் பக்கத்தில் கற்பூரமும் ஊதுபத்தியும் விற்கும் கடை. பின்னால் ஒரு நாற்காலி போட்டு எண் கணிதம் பார்ப்பார். முதல் பஸ்ஸுக்குப் பிறகு வந்த பஸ் நம்பர்களை எல்லாம் அவர்தான் தேர்ந்தெடுத்தார்.

“வீட்டுக்கா, கல்லாப் பணத்துக்கா?” என்று கேட்டார் சாமிக்கண்ணு.

“வீட்டுக்குத்தான், மாஸ்டர்.”

“வீட்டுக்குன்னா மங்கள காரியம். மங்கள காரியத்துக்கு என்ன செய்வோம்? கல்யாண வீட்டுல பத்து வெள்ளி மொய் வப்பியா நீ?”

“சேச்சே. பதினொண்ணு வப்பேன்.”

“அந்த ஒண்ணு எதுக்கு?”

“வளரட்டும்னுதான்.”

“அவ்ளோதான். பத்து போடு. மேல ஒண்ணு குழாய்ல வை. அந்த ஒண்ணு கணக்குல சேராது. அது மொய்.”

மணியத்துக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை எளிதான விஷயம் தௌக்கேவுக்குத் தெரியவில்லையே என்று பரிதாபப்பட்டார்.

பத்துத் தோட்டா மேகசின் கொண்ட துப்பாக்கி கடையில் இல்லை. வரவழைக்க வேண்டும் என்றார் தௌக்கே. மணியம் காத்திருந்தார். பின்கதவும் காத்திருந்தது. நிர்மலாதேவி தோங்கை உருட்டி உருட்டி அடுப்படித் தரையில் துருப்பிடித்த கோடு ஒன்று விழுந்தது. முன்வாசலில் பை இருந்தது. அதில் இப்போது ஒரு சோப்பு டப்பாவும் சேர்ந்திருந்தது.

துப்பாக்கி வந்ததும் மணியம் அதைச் சாமி படத்தின் முன் வைத்தார். புது பஸ்ஸுக்குச் செய்வது போலவே செய்தார். பிடிக்குச் சந்தனம். குழாய்க்குக் குங்குமம். எலுமிச்சம்பழத்தை நசுக்க டயர் இல்லாததால் செருப்பால் நசுக்கினார். பிறகு பத்தை அடுக்கி, ஒன்றைக் குழாய்க்குள் ஏற்றி, குறைந்த இடத்தில் இன்னொன்றை வைத்தார்.

நிர்மலாதேவி அடுப்படியிலிருந்து பார்த்தாள்.

“மேகசின் மேகசின்னு கெடந்தீங்களே, இதுதானா அது? எத்தன தோட்டா?”

“பத்து.”

“பதினொண்ணுல்ல வச்சீங்க?”

“ஒண்ணு மொய்.”

“கதவு?”

“இனிமே கதவு எதுக்கு? தொறந்தே போட்டுட்டுத் தூங்கலாம்.”

அவள் பையைத் தூக்கி எடை பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

“வெள்ளிக்கிழம வரைக்கும் பாப்பேன்,” என்றாள்.

வியாழக்கிழமை காலை போலீஸ் நிலையமான பாலாயிலிருந்து சார்ஜன் வந்தார். துப்பாக்கியை வீட்டில் எங்கே பூட்டி வைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். சார்ஜன் பெரிய உடம்புக்காரர், சிறிய குரல். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் அடுப்படியும், பின்கதவும், இப்போது எந்நேரமும் கதவுக்கு முட்டுக் கொடுக்கும் தோங்கும் ஒரே நேர்க்கோட்டில் தெரியும். நிர்மலாதேவி அடுப்பின் பக்கமாக நின்று தேத்தண்ணி ஆற்றினாள்.

மணியம் அறைக்குள் போய் இரும்புப் பெட்டியைத் திறந்து காட்டினார். சார்ஜன் தலையசைத்தார். துப்பாக்கியைக் கொண்டு வந்து, காலி செய்து கொடுக்கும்படி மலாயில் சொன்னார்.

மணியம் மேகசினை உருவினார். தோட்டாக்களை மேசைமேல் ஒவ்வொன்றாக நிறுத்தினார். பத்து. நேரான வரிசை. அவருக்கே பெருமையாக இருந்தது.

“கோசோங், துவான்,” என்றார். காலி.

சார்ஜன் கையை நீட்டினார். மணியத்துக்கு அதோடு முடிப்பதில் மனமில்லை. நிர்மலாதேவியும் பார்க்கட்டும் என்று நினைத்தார். ஆளில்லாத பக்கமாகத் திரும்பினார். ஆளில்லாத பக்கம் பின்கதவு.

“பாருங்க, கோசோங்,” என்று விசையை இழுத்தார்.

வீடு ஒருமுறை குலுங்கியது. சாமி படம் சரிந்தது. பக்கத்து வீட்டில் பாக்கியசாமி ஏசுவின் பெயரைச் சொன்னது தெளிவாகக் கேட்டது.

சார்ஜன் எழுந்து நேராக அடுப்படிக்குப் போனார். முதலில் தோங்கைப் பார்த்தார். குனிந்து முகர்ந்தார். அதன் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில், கதவில் ஓர் ஓட்டை இருந்தது. அதன் வழியாக வெயில் வந்து அவர் சட்டைப் பொத்தான்மேல் விழுந்தது. தோட்டா பின்சந்து மதிலில் புதைந்திருந்தது. சந்தில் யாரும் இல்லை. சார்ஜன் திரும்பி வந்து துப்பாக்கியை மணியத்தின் கையிலிருந்து எடுத்தார். மேசைமேல் இருந்ததை எண்ணினார்.

“பத்து இருக்கிறது. சுட்டது எது?”

“அது கணக்குல சேராது, துவான்.”

“என்ன?”

மணியம் மொய்க்கு மலாயில் ஒரு சொல் தேடினார். “அடாட், துவான்,” என்றார். வழக்கம். “எங்க ஆளுங்க பத்தா குடுக்க மாட்டோம். மேல ஒண்ணு வச்சுக் குடுப்போம்.”

சார்ஜன் வரிசையை இன்னொரு முறை எண்ணினார்.

“யாருக்கு? திருடனுக்கா?”

நிர்மலாதேவி கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு கதவருகே போனாள். ஓட்டையில் கண்ணை வைத்துப் பின்சந்தைப் பார்த்தாள்.

“இனிமே தள்ளிப் பாக்கக்கூட வேணாம்,” என்றாள். “உள்ள யாரு இருக்கான்னு எட்டிப் பாத்துட்டே வரலாம்.”

சார்ஜன் துப்பாக்கியையும் பத்துத் தோட்டாக்களையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டார். லைசென்ஸையும் கேட்டு வாங்கினார். நாளைக் காலை பாலாய்க்கு வரச் சொன்னார். அவை திரும்பி வருமா என்று மணியம் கேட்டார். சார்ஜன் அந்தக் கேள்வியையும் பையில் போட்டுக் கட்டியவர் போல நடந்தார். முன்வாசலில் புடவைப் பை காலில் தட்டியது. நின்று அதைப் பார்த்தார். பிறகு நிர்மலாதேவியைப் பார்த்தார்.

“அந்தக் கதவை மாற்று,” என்றார் மணியத்திடம். “இன்றைக்கே. இரும்பில்.”

“சரி, துவான். இப்பவே, துவான்.”

மணியம் ஓடிப்போய் டெலிபோனை எடுத்தார். நிர்மலாதேவி ஆறிப்போன தேத்தண்ணியைத் தானே குடித்தாள்.

அக்கம்பக்கம் வந்து ஓட்டையைப் பார்த்தது. பதிமூன்றே வாங்கியிருக்கலாம் என்றார் பாக்கியசாமி. சாமிக்கண்ணு கடையை ஆளிடம் விட்டுவிட்டு வந்தார். ஓட்டைக்கும் தோங்குக்கும் நடுவே கையை வைத்து அளந்தார்.

“பாத்தியா? ஒரு சாண். பதினொண்ணு காப்பாத்திருச்சு. எட்டா இருந்திருந்தா இந்தத் தாமான்ல ஒரு வீடுகூட இருக்காது.”

கேட்டவர்களில் சிலர் தலையசைத்தார்கள். மணியமும் அசைத்தார். அவருக்கு வேறு ஆறுதல் இல்லை.

மாலையில் உம்பாயிலிருந்து வெல்டிங்காரர் ஜெயமணி வந்தார். ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். டேப்பை இழுத்துக் கதவின் அகலத்தை அளந்தார்.

“கம்பி பத்து வரும்ணே.”

மணியம் நிமிர்ந்தார். தொண்டையைக் கனைத்தார்.

“பத்தாவா வைக்கிறது? கொஞ்சம் நெருக்கிப் போட்டா இன்னும்—”

“தம்பி,” என்றாள் நிர்மலாதேவி வெல்டிங்காரரிடம். முன்வாசல் பை அவள் கையில் இருந்தது. அதை உள்ளே கொண்டு போவதா, வெளியே கொண்டு போவதா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.

“பத்து கம்பி. ஒரு தாழ்ப்பாள். தாழ்ப்பாள் ஓட்டைக்குள்ள போவணும். மேல ஒண்ணும் வேணாம்.”

ஜெயமணி மணியத்தைப் பார்த்தார்.

“பத்தே போடுங்க,” என்றார் மணியம்.