முப்பதரை சென்டிமீட்டர்

புதிய கிராபிக்ஸ் கார்டு வெளிவர இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அதற்குள் அதன் நீளத்தை ஓர் இணையக் குழுவில் நாற்பத்தொரு பேர் முடிவு செய்துவிட்டார்கள். முப்பத்தாறு சென்டிமீட்டர். எங்கிருந்தோ கசிந்த ஒரே ஒரு படம்தான் ஆதாரம். மேசைமேல் கார்டு கிடக்கிறது, பக்கத்தில் ஒரு நாணயம். நாணயத்தின் அகலம் தெரியும் என்பதால் அதை வைத்துக் கார்டை அளந்தார்கள். முப்பத்தாறு என்றால் பாதிப்பேருடைய கம்ப்யூட்டர் கேபினெட்டுக்குள் நுழையாது. ஒருவர் அவசரப்பட்டுத் தன் கேபினெட்டின் உள்தகட்டை ரம்பத்தால் அறுத்தே விட்டார்.

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கார்டும் தெரியாது, கீர்டும் தெரியாது. அந்தக் குழுவில் மனைவிக்கு ‘எக்ஸ்ரே’ என்று பெயர் என்பது மட்டும் தெரியும். பதினெட்டு வருடம் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தவள், இப்போது அதே கட்டடத்துக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்ளப் போய்வருகிறாள். வேலைக்குப் போவது நின்ற பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்ததெல்லாம் அந்தக் குழுவில்தான்.

“என்னங்க, அந்த ஷூ டப்பாவை எடுங்க.”

அவர் எடுத்தார். மேசையில் டப்பாவையும் பக்கத்தில் நாணயத்தையும் வைத்தாள். அவரை மேசைமேல் குனியவைத்து, போனை டப்பாவுக்கு மேலே பிடிக்கச் சொன்னாள்.

“இன்னும் மேல. அந்தப் படத்துல கார்டோட பக்கவாட்டு எவ்வளவு தெரியுதோ, டப்பாவோடதும் அவ்வளவுதான் தெரியணும். கை ஆடுது பாருங்க!”

“லிஃப்டே என் கையில ஆடாது, தெரியுமா?”

எடுத்த படத்தில் அளந்தால் டப்பா உண்மையைவிட நீளமாக இருந்தது. அவளுக்கு முகமெல்லாம் வெளிச்சம். கசிந்த படத்திலும் நாணயம் மேசையோடு மேசையாகக் கிடக்கிறது. கார்டின் மேல்பக்கமோ ஆறு சென்டிமீட்டர் உயரத்தில், கேமராவுக்குக் கிட்டே இருக்கிறது. கிட்டே இருப்பது பெரிதாகத் தெரியும். “எக்ஸ்ரேல எலும்பை அளக்கணும்னா, அளவு தெரிஞ்ச இரும்புக் குண்டை எலும்பு மட்டத்துல வைக்கணும். முதல் மாசமே சொல்லிக் கொடுப்பாங்க.” கணக்குப் போட்டு முப்பதரை என்றாள்.

குழு அவளைத் தாளித்து எடுத்தது. “அக்கா, இது முழங்கால் இல்ல, கிராபிக்ஸ் கார்டு” என்றார் குழுவை நடத்தும் கண்டக்டர். பஸ்ஸில் ஏறினதே இல்லையாம், சீட்டுக் கொடுப்பதுபோல எல்லோரையும் அதட்டுவதால் வந்த பெயர்.

குழுவில் ஒரு சட்டம் உண்டு. கணிப்பைப் பதிந்தால் மாற்ற முடியாது; மற்ற நாற்பத்தொரு பேரும் முப்பத்தாறு என்று பதிந்தாயிற்று. அரை சென்டிமீட்டருக்குமேல் பிசகினவர் அடுத்த தலைமுறைக் கார்டு வரும்வரை குழுவில் எழுதக் கூடாது, படிக்க மட்டுமே செய்யலாம். அடுத்தது வர இரண்டு வருடம் ஆகும். இரண்டு வருடத்தை எந்த டாக்டரும் அவளுக்கு எழுதிக் கொடுத்திருக்கவில்லை.

“பதியாம வேடிக்கை பாரேன். பேசறதுக்கு உனக்கு அவங்களை விட்டா யாரு இருக்கா?”

“நீங்க இருக்கீங்க.”

“எனக்கு என்ன தெரியும்?”

“தப்புன்னு தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்தா அது மட்டும் பேசறதாங்க?” என்றவள் பதிந்துவிட்டாள்.

வெளியீட்டு நாள் அவர் லீவு போட்டார். மதியம் மூன்று மணிக்குத் திரையில் ஒருவர் கார்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டே இருந்தார், நீளத்தை மட்டும் சொல்லவில்லை. அவள் விரலைக் கடித்தாள், அவர் அவள் விரலைப் பிடித்து இழுத்தார். கடைசியில் விவரப் பட்டியல் வந்தது. நீளம், முந்நூற்று நான்கு மில்லிமீட்டர்.

அவர் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் கரண்டியோடு மேலே ஓடி வந்தார். “என்ன சார் ஆச்சு?” “முப்பது புள்ளி நாலு சார்! என் பொண்டாட்டி சொன்னது முப்பதரை!” ஒன்றும் புரியாமலே கீழ்வீட்டுக்காரர் கைகொடுத்தார்.

குழுவில் கண்டக்டரின் ஒரே செய்தி வந்தது: “சட்டம்னா சட்டம். நாங்க நாற்பத்தொரு பேரும் இறங்கறோம். அக்கா, இனி நீங்கதான் பேசணும்.”

“பாவம், மன்னிச்சு விட்டுடேன்.”

“இத்தனை நாள் நான் சொன்னதைக் கேட்டாங்களா? கொஞ்சம் கேட்கட்டும்.”

கொஞ்சம் என்றது பதினொரு மாதம் நீண்டது. நிழலை எப்படிப் படிப்பது, படம் எங்கே பொய் சொல்லும் என்று தினமும் எழுதினாள். மருந்து ஏறும் நாற்காலியில் இருந்துகூட எழுதினாள். நாற்பத்தொரு பேரும் படித்தார்கள், ஒருவரும் விலகவில்லை. லிஃப்ட் கூண்டின்மேல் நின்று அவரும் படித்தார். பாதி புரிந்தது. புரியாத பாதியைத்தான் வேலையிடத்தில் அதிகம் படித்துக் காட்டினார்.

கடைசிச் செய்தியை அவளுடைய கணக்கிலிருந்து அவர்தான் எழுத வேண்டியிருந்தது. வேறு யாரும் அங்கே எழுத முடியாதே. அவள் போய்விட்டதை இரண்டு வரியில் சொல்லிவிட்டார். கீழே தன் பெயரைப் போடப் போய், அழித்துவிட்டு, ‘எக்ஸ்ரே வீட்டுக்காரர்’ என்று போட்டார்.